அதே உயரம், அதே பலம், அதே முதுகுவலி... ஸயான் வில்லியம்சன் இன்னொரு லாரி ஜான்சனா?

அன்று ஆடியவர் - இன்று ஆடுபவர்: இந்த வாரம் கூடைப்பந்து

2024 ஏப்ரல் 16. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம். என்.பி.ஏ கூடைப்பந்து லீகின் பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழைவதற்கான தகுதி ஆட்டம். ஒரு பக்கம் உள்ளூர் அணியான பெலிகன்ஸ். எதிரே லெப்ரான் ஜேம்ஸின் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ்.

அன்றைக்கு லெப்ரானைவிட அதிகம் மிரட்டியவர், 23 வயது ஸயான் வில்லியம்சன். பெரிய வித்தியாசத்தில் பின்தங்கிக் கிடந்த பெலிகன்ஸை ஒற்றை ஆளாக இழுத்து வந்தார். கடைசிக் கட்டத்தில் அவர் போட்ட பந்து கூடைக்குள் விழ, ஸ்கோர் 95-95. அரங்கமே எழுந்து நின்று கத்தியது. ஸயானின் கணக்கில் 40 புள்ளிகள், 11 ரீபவுண்டுகள். அவருடைய என்.பி.ஏ வாழ்க்கையின் மிகப் பெரிய இரவு அது.

அடுத்த சில விநாடிகளில் அவர் இடது தொடையின் பின்பக்கத்தைப் பிடித்தார். வெளியே வந்தார். நேராக ஓய்வறைக்கு நடந்தார். ஆட்டம் முடிய மூன்று நிமிடங்களே மிச்சம். அவர் திரும்பி வரவில்லை. லேக்கர்ஸ் 110-106 என ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தை ஜெயித்து பெலிகன்ஸ் எப்படியோ பிளே ஆஃபுக்குள் நுழைந்தது. ஆனால் ஸயான் இல்லாத அந்த அணி, ஓக்லஹோமா சிட்டியிடம் நாலுக்கு பூஜ்யம் என்று தோற்று வீடு திரும்பியது.

ஸயான் வில்லியம்சனின் கதையைத் தெரிந்துகொள்ள அந்த ஒரு இரவு போதும். ஆடினால் அவரைத் தடுக்க ஆளில்லை. ஆனால், ஆட வேண்டுமே?

அமெரிக்காவில் பலரும் ஸயானை சார்லஸ் பார்க்லியோடு ஒப்பிடுவார்கள். அது ரசிகர்களின் ஆசை. பார்க்லி 16 சீசன்கள், 1,073 ஆட்டங்கள் ஆடியவர். 1993-ல் லீகின் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கியவர். ஆனால் ஸயான் இதுவரை நடந்து வந்திருக்கும் பாதையில் இருக்கும் காலடித் தடம் பார்க்லியுடையது இல்லை. அது லாரி ஜான்சனுடையது.

முதல் பெயர், முதல் நாள்

லாரி ஜான்சன் யார் என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. 1996-ல் வந்த 'ஸ்பேஸ் ஜாம்' படத்தில், வேற்றுக்கிரக ஜந்துகள் ஐந்து என்.பி.ஏ வீரர்களின் திறமையைத் திருடிக்கொண்டு போகுமே, அந்த ஐந்து பேரில் ஒருவர்.

1969-ல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்து டல்லாஸில் வளர்ந்தவர். லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழக அணிக்காக ஆடினார். 1990 கல்லூரி சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் அந்த அணி டியூக் பல்கலைக்கழகத்தை 103-73 என்று நசுக்கியது. இறுதிப் போட்டியில் 30 புள்ளி வித்தியாசம்! அடுத்த வருடம் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதுகள் ஜான்சனைத் தேடி வந்தன. 1991 டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்வு செய்யும் நாளில், முதலாவதாக வாசிக்கப்பட்ட பெயர் லாரி ஜான்சன். எடுத்த அணி சார்லட் ஹார்னெட்ஸ்.

ஸயான் வில்லியம்சன் 2000-ல் வட கரோலினாவில் பிறந்து, தென் கரோலினாவில் வளர்ந்தவர். படித்தது ஜான்சனின் அணியிடம் அன்று அடி வாங்கிய அதே டியூக் பல்கலைக்கழகத்தில். 2019 டிராஃப்டில் முதல் பெயர் இவருடையது. எடுத்த அணி நியூ ஆர்லியன்ஸ் பெலிகன்ஸ்.

இந்த இரண்டு அணிகளுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஜான்சன் ஆடிய ஹார்னெட்ஸ் அணி 2002-ல் சார்லட்டைக் காலி செய்துவிட்டு நியூ ஆர்லியன்ஸுக்குக் குடிபோனது. 2013-ல் அங்கே பெலிகன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஹார்னெட்ஸ் என்ற பெயரும் பழைய சாதனைக் கணக்குகளும் பிறகு சார்லட்டுக்கே திரும்பிப் போய்விட்டன.

குள்ளமான ராட்சசர்கள்

இருவருக்கும் ஏட்டில் உள்ள உயரம் 6 அடி 6 அங்குலம். நமக்கு அது வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். ஆனால் கூடைப்பந்தில் 'பவர் ஃபார்வர்டு' என்ற இடத்துக்கு அது குள்ளம். கூடைக்குப் பக்கத்தில் நின்று மோதி, தாவி, பந்தைப் பிடுங்கிப் புள்ளி சேர்க்கிற வேலை அது. எதிரே நிற்பவர்கள் சாதாரணமாகவே 6 அடி 9, 10, 11 அங்குலம் இருப்பார்கள்.

அந்த நாலைந்து அங்குலக் குறையை இருவரும் உடம்பால் ஈடுகட்டினார்கள். ஜான்சன் சுமார் 113 கிலோ. ஸயான் சுமார் 129 கிலோ. அந்த எடையை வைத்துக்கொண்டு இருவரும் தாவிய உயரத்தைப் பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். ஜான்சன் முதல் வருடமே டங்க் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார். ஸயானின் டங்க் வீடியோக்கள், அவர் பள்ளி மாணவராக இருந்தபோதே உலகம் சுற்றிவிட்டன.

ஆனால் மேலே போன உடம்பு கீழே வந்துதானே ஆக வேண்டும்? தாவி இறங்கும்போது கால்களும் முதுகும் தாங்க வேண்டிய சுமை, உடம்பின் எடையைப் போலச் சில மடங்கு. மெலிந்த ஆளுக்கு ஒரு கணக்கு. 129 கிலோ ஆளுக்கு வேறு கணக்கு. ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை தாவ வேண்டும், ஒரு சீசனில் எத்தனை ஆட்டங்கள் என்று பெருக்கிப் பார்த்தால், இந்த இருவரின் வரமும் சாபமும் ஒரே இடத்தில் இருப்பது புரியும்.

பூப்போட்ட கவுனில் ஒரு பாட்டி

ஜான்சனின் ஆரம்பம் பட்டாசு. முதல் சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 19.2 புள்ளிகள், 11 ரீபவுண்டுகள். சிறந்த புதுமுக வீரர் விருது. இரண்டாவது சீசனில் 22.1 புள்ளிகள். ஆல் ஸ்டார் அணியில் தொடக்க ஐவரில் ஒருவர். அந்த வருடம் ஹார்னெட்ஸ் முதல் முறையாக பிளே ஆஃபுக்குள் நுழைந்து, பாஸ்டன் செல்டிக்ஸை முதல் சுற்றிலேயே வெளியேற்றியது. கூட ஆடியவர்கள் அலோன்ஸோ மோர்னிங், 5 அடி 3 அங்குலமே இருந்த மக்ஸி போக்ஸ், இன்றைய நட்சத்திரம் ஸ்டெஃபன் கரியின் அப்பா டெல் கரி.

அதைவிட அவரை வீட்டுக்கு வீடு கொண்டு போனது ஒரு விளம்பரம். கான்வர்ஸ் ஷூ நிறுவனம் அவருக்குப் பூப்போட்ட கவுன் மாட்டி, தலையில் தொப்பி வைத்து, பாட்டி வேஷம் போட்டது. 'கிராண்ட்மாமா' என்ற அந்தப் பாட்டி, வாலிபர்களைத் தள்ளிவிட்டுப் பறந்து டங்க் அடிப்பார். கூடைப்பந்து பார்க்காத குடும்பங்களும் அந்தப் பாட்டிக்கு ரசிகர்கள் ஆனார்கள். 'ஃபேமிலி மேட்டர்ஸ்' என்ற டி.வி தொடரிலும் பாட்டி வேஷத்திலேயே வந்து போனார் ஜான்சன்.

1993 அக்டோபரில் ஹார்னெட்ஸ் அவரோடு புது ஒப்பந்தம் போட்டது. 12 வருடம், 8.4 கோடி டாலர். என்.பி.ஏ வரலாற்றில் அதுவரை யாருக்கும் கிடைக்காத தொகை. 24 வயது ஜான்சனுக்கு எல்லாமே ஏறுமுகமாகத் தெரிந்தது.

இரண்டே மாதம். டிசம்பர் கடைசியில் முதுகில் காயம். அந்த சீசனில் 31 ஆட்டங்களை வெளியே உட்கார்ந்து பார்த்தார். திரும்பி வந்தவர் பழைய ஜான்சன் இல்லை. வெடித்துக் கிளம்பும் அந்தத் தாவல் போய்விட்டது.

25 வயதில் இரண்டாவது பாடம்

இங்கேதான் ஜான்சனின் கதையில் கவனிக்க வேண்டிய பகுதி வருகிறது. பலரும் இதைச் சொல்லாமல் 'பாவம், முதுகு போய்விட்டது' என்று முடித்துவிடுவார்கள்.

1994 இலையுதிர் காலத்தில் புது சீசன் தொடங்கும்போது அவருக்கு 25 வயது. இனி ஆள் மேல் ஏறித் தாவ முடியாது. அப்படியென்றால் என்ன செய்யலாம்? தொலைவில் நின்று எறியக் கற்றுக்கொண்டார். முதல் மூன்று சீசன்களில் மூன்று புள்ளிக் கோட்டுப் பக்கமே அதிகம் போகாதவர், 1994-95 சீசனில் மட்டும் 81 மூன்று புள்ளி எறிதல்களைக் கூடைக்குள் போட்டார். அந்த வருடம் லீக் அந்தக் கோட்டைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தியிருந்தது உண்மை. ஆனால் கோடு கிட்டே வந்த எல்லோரும் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. ஜான்சன் பயன்படுத்திக்கொண்டார். கூடைக்கு முதுகு காட்டி நின்று, உடம்பைத் திருப்பி, ஏமாற்றிப் புள்ளி எடுப்பதையும் கூர்மையாக்கினார்.

அந்த சீசனிலும் அடுத்த சீசனிலும் தலா 81 ஆட்டங்கள் ஆடினார். 1995-ல் மீண்டும் ஆல் ஸ்டார். அடுத்த சீசனில் சராசரி 20.5 புள்ளிகள். முதுகு போனவர் என்று சொல்லப்பட்டவரின் கணக்கு இது.

1996-ல் ஹார்னெட்ஸ் அவரை நியூயார்க் நிக்ஸுக்கு மாற்றிக் கொடுத்தது. 'ஸ்பேஸ் ஜாம்' படம் தியேட்டருக்கு வந்ததும் அதே வருடம்தான். படத்தில் திருடுபோன திறமை கடைசியில் திரும்பிக் கிடைத்துவிடும். நிஜத்தில் அப்படி இல்லை. நியூயார்க்கில் அவருடைய எண்கள் சுருங்கின. முதல் வருடம் ஆட்டத்துக்கு 12.8 புள்ளிகள். ஒரு காலத்தில் 11 ரீபவுண்டு எடுத்தவர், இப்போது ஐந்து சொச்சம்.

ஆனாலும் நியூயார்க் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. காரணம் எண்களில் இல்லை.

ஒரு எறிதல், நான்கு புள்ளிகள்

1999 ஜூன் 5. மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டம். எதிரணி இண்டியானா பேசர்ஸ். நிக்ஸ் அந்த வருடம் எட்டாவது இடத்தில் தட்டுத் தடுமாறி பிளே ஆஃபுக்குள் வந்த அணி. அவர்களின் தூணான பேட்ரிக் யூயிங் காயத்தால் வெளியே. ஆட்டம் முடியப் பன்னிரண்டு விநாடிகள்கூட இல்லை. நிக்ஸ் 88, பேசர்ஸ் 91.

பந்து ஜான்சன் கைக்கு வந்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். காவலுக்கு நிற்பவர் அன்டோனியோ டேவிஸ். ஜான்சன் ஒரு பக்கம் போவதுபோல் அசைந்து, நின்று, எறிந்தார். அதே நேரம் டேவிஸின் உடம்பு அவர் மேல் பட, நடுவரின் விசில். பந்து கூடைக்குள்! மூன்று புள்ளிகள், கூடவே ஒரு ஃப்ரீ த்ரோ. பதற்றம் உச்சத்தில் இருக்க, அந்த நாலாவது புள்ளியையும் போட்டார் ஜான்சன். 92-91. நிக்ஸ் வெற்றி.

அந்தத் தொடரை ஜெயித்த நிக்ஸ், எட்டாவது இடத்திலிருந்து என்.பி.ஏ இறுதிச் சுற்றுக்குப் போன முதல் அணி ஆனது. அங்கே சான் அன்டோனியோ ஸ்பர்ஸிடம் தோற்றது. ஆனால் கைகளை 'எல்' எழுத்துபோல மடித்துக் காட்டும் ஜான்சனின் அந்த அடையாளம் இன்றைக்கும் நியூயார்க் ரசிகர்களுக்கு நினைவிருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த நாலு புள்ளியைப் போட்டது 1991-ன் ஜான்சன் இல்லை. 1991-ன் ஜான்சனுக்கு அந்த எறிதல் கைவசம் இருந்ததில்லை. முதுகு வலிக்க ஆரம்பித்த பிறகு அவர் கற்றுக்கொண்ட ஆயுதம் அது.

2001 அக்டோபரில், தீராத முதுகுவலியால் ஓய்வு அறிவித்தார். வயது 32. ஒப்பந்தத்தின் 12 வருடம் முடியவே இல்லை. மொத்தம் 707 ஆட்டங்கள், சராசரி 16.2 புள்ளிகள், 7.5 ரீபவுண்டுகள்.

ஸயானின் மருத்துவக் குறிப்பேடு

இப்போது ஸயானுக்கு வருவோம். அவருடைய முதல் அபாய மணி கல்லூரியிலேயே அடித்தது. 2019 பிப்ரவரியில் வட கரோலினா அணிக்கு எதிரான ஆட்டம். முன்னாள் அதிபர் ஒபாமா பார்வையாளர் வரிசையில். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸயான் காலை ஊன்றித் திரும்ப, அவருடைய ஷூ அப்படியே பிய்ந்து, பாதம் வெளியே வந்துவிட்டது. முழங்காலில் சுளுக்கு. அவரைத் தாங்க ஷூவாலேயே முடியவில்லை என்று ஊர் சிரித்தது. அது சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

2019-20: முதல் சீசன் தொடங்கும் முன்பே வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. ஆடியது 24 ஆட்டங்கள். ஜனவரியில் நடந்த அறிமுக ஆட்டத்தில், கடைசிக் கால் பகுதியில் தொடர்ச்சியாக 17 புள்ளிகள் எடுத்து அரங்கத்தை அதிர வைத்தார்.

2020-21: ஆடியது 61 ஆட்டங்கள். சராசரி 27 புள்ளிகள். எறிந்த பந்துகளில் 61 சதவிகிதம் கூடைக்குள். 20 வயதில் ஆல் ஸ்டார். ஜான்சனின் மிகச் சிறந்த சீசன்கூட இதன் பக்கத்தில் நிற்காது.

2021-22: பாதத்தில் எலும்பு முறிவு. ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

2022-23: 29 ஆட்டங்கள், 26 புள்ளிகள். ஆல் ஸ்டார் தொடக்க ஐவரில் ரசிகர்கள் தேர்வு செய்தார்கள். தொடைத் தசைக் காயத்தால் அங்கேயும் ஆட முடியவில்லை.

2023-24: 70 ஆட்டங்கள். பெலிகன்ஸுக்கு 49 வெற்றிகள். கடைசியில் அந்த ஏப்ரல் 16.

2024-25: 30 ஆட்டங்கள். மீண்டும் தொடைத் தசை. கடைசியில் சீசனை முடித்து வைத்தது எது தெரியுமா? கீழ் முதுகுக் காயம்.

ஸயானின் முதல் ஆறு சீசன்களில் பெலிகன்ஸ் ஆடியது 472 லீக் ஆட்டங்கள். ஸயான் ஆடியது 214. பாதிக்கும் குறைவு. ஜான்சன் தன் முதல் ஆறு சீசன்களில் 492-ல் 453 ஆட்டங்கள் ஆடியிருந்தார். 'காயத்தால் வீணான வீரர்' என்று பெயரெடுத்த ஜான்சன், ஸயானைவிட இரண்டு மடங்குக்கு மேல் களத்தில் இருந்திருக்கிறார்!

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்...

புள்ளிகளை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. 2024-25 சீசன் வரை ஸயானின் சராசரி 24.7. ஜான்சனுடையது 16.2.

ஆல் ஸ்டார் தேர்வு: இருவருக்கும் தலா இரண்டு. சிறந்த புதுமுகம் விருது: ஜான்சனுக்கு உண்டு. 24 ஆட்டங்களே ஆடிய ஸயானுக்கு அது கிடைக்கவில்லை. அந்த வருடம் ஜா மோரன்ட் வாங்கினார்.

பிளே ஆஃப்: ஜான்சன் இறுதிச் சுற்று வரை போனவர். ஸயான் 2025 வரை ஒரு பிளே ஆஃப் ஆட்டத்திலும் கால் வைக்கவில்லை. ஏப்ரல் 16 தகுதி ஆட்டம் அந்தக் கணக்கில் வராது.

ஒப்பந்தத்திலும் ஒரு ஒற்றுமை உண்டு, ஒரு வேற்றுமையும் உண்டு. 2022-ல் ஸயானுக்கு ஐந்து வருடத்துக்குப் போட்ட ஒப்பந்தம் 19 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் 1993-ல் ஹார்னெட்ஸ் பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டியது. 2022-ல் பெலிகன்ஸ் அப்படி நீட்டவில்லை. ஸயானின் எடையை அவ்வப்போது பார்க்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருப்பதாக அப்போதே செய்திகள் வந்தன. ஜான்சன் மாதிரியான கதைகள் அணி நிர்வாகங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

சோம்பேறி என்பது நியாயமா?

ஸயானைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'எடையைக் குறைக்கக்கூடாதா, சாப்பாட்டைக் குறைக்கக்கூடாதா' என்ற கேலிதான் முதலில் வருகிறது. அதில் பாதி உண்மை இருக்கலாம். உடம்பைப் பேணுவது ஆட்டக்காரரின் வேலையில் ஒரு பகுதி. அதற்குத்தான் சம்பளம்.

ஆனால் மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். இளம் வயதில் பாத எலும்பு முறிந்தால், ஆளால் ஓட முடியாது. ஓட முடியாத பெரிய உடம்பு மேலும் பெரிதாகும். பெரிதான உடம்போடு திரும்பி வந்து அதே வேகத்தில் ஓடினால் தசை பிடிக்கும். இந்தச் சக்கரத்திலிருந்து வெளியே வருவது, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதுபோல் சுலபம் இல்லை. முழங்கால் வலியோடு மாடி ஏறும் நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்று. ஸயான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதும் தவறு. அவருடைய அசிஸ்ட் கணக்கைப் பாருங்கள். அதாவது, கூட ஆடுபவர் புள்ளி எடுக்க வாகாகப் பந்து கொடுப்பது. முதல் சீசனில் ஆட்டத்துக்கு 2.1. பிறகு 3.7, 4.6, 5.0, 5.3. ஆடிய முதல் ஐந்து சீசன்களிலும் ஏறிக்கொண்டே வந்தது. இரண்டு பேர், மூன்று பேர் தன்னைச் சூழும்போது, காலியாக நிற்கும் நண்பர் யார் என்று பார்க்கும் கண் அவருக்கு வந்துவிட்டது. ஜான்சனுக்குத் தூர எறிதல் எப்படியோ, ஸயானுக்கு இந்தப் பாஸ்.

ஆனால் ஜான்சன் கற்றதில் ஒரு வசதி இருந்தது. தூரத்தில் நின்று எறிந்தால் மோத வேண்டாம், அதிகம் தாவ வேண்டாம். உடம்புக்கு ஓய்வு. ஸயானின் பாஸ் அப்படி இல்லை. முதலில் அவர் கூடையை நோக்கிப் பாய வேண்டும். மூன்று பேர் மேல் மோத வேண்டும். அப்போதுதான் யாரோ ஒருவர் காலியாவார். அறிமுக ஆட்டத்தில் நாலு மூன்று புள்ளி எறிதல்களை எறிந்து நாலையும் போட்டவர் இவர். அதன் பிறகு அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. கை இருக்கிறது. பழக்கம்தான் வரவில்லை.

இனி என்ன?

2025 ஜூலையில் ஸயானுக்கு 25 வயது முடிந்தது. புது சீசனுக்கான பயிற்சி முகாமுக்கு, முன்பைவிட இளைத்த உடம்போடு வந்து சேர்ந்தார். அணி நிர்வாகத்தின் தலைமைக்கும் ஜோ டூமார்ஸ் என்ற புதியவர் வந்துவிட்டார். அவரே இரண்டு முறை சாம்பியன் ஆன முன்னாள் ஆட்டக்காரர்.

அதற்கு 31 வருடங்களுக்கு முன் இதே 25 வயதில்தான் ஜான்சன், முதுகுவலியோடு, 'இனி நான் எப்படி ஆடுவது' என்ற கேள்விக்குப் பதில் தேடினார். 2025-ல் ஸயான் அதே வயதில், அதே முதுகோடு, அதே கேள்வியின் முன்னால் நின்றார். திறமையின் அளவில் அவர் ஜான்சனைவிட ஒரு படி மேல். மருத்துவமும் பயிற்சி முறையும் 1994-ஐவிட எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன. ஜான்சனுக்குக் கிடைக்காத வாய்ப்பு இவருக்கு உண்டு.

'ஸயான் இன்னொரு லாரி ஜான்சன் ஆகிவிடுவாரோ' என்று ரசிகர்கள் பயப்படுகிறார்கள். உண்மையில், இப்போதைய கணக்குப்படி அது பயப்பட வேண்டிய விஷயமே இல்லை. 707 ஆட்டங்கள், ஒரு இறுதிச் சுற்று, ஒரு நகரமே மறக்காத ஒரு எறிதல். இவ்வளவும் ஸயானுக்குக் கிடைத்தால், அதுவே பெரிய முன்னேற்றம்.

இளம் வீரர் ஒருவரைப் பார்த்து 'இவன் எங்கேயோ போகப்போகிறான்' என்று சொல்லும்போது, எவ்வளவு உயரம் தாவுகிறார் என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். தாவ முடியாத நாள் வந்தால் என்ன செய்வார் என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஜான்சன் அதைச் செய்து காட்டிவிட்டுப் போனார். ஸயான் என்ன செய்யப்போகிறார் என்பதை அறிய, இனி அவர் எடுக்கும் புள்ளிகளை எண்ண வேண்டியதில்லை. ஆடிய ஆட்டங்களை எண்ணினால் போதும்.